சத்தம் மட்டும் போதும்

நீர்வேலிப் பரமலிங்கத்தாரின்ரை செத்தவீட்டு வீடியோவை எடிற் பண்ணுற வேலை எனக்கு வந்தது. கனடாவிலையிருந்து வந்த மகன் சுபாஸ்கரன் எனக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்தார்.

"பாக்கிற சனம் அழவேணும் தம்பி," எண்டார்.

நாலு மணித்தியால வீடியோவிலை அவர் ஒருக்காலும் அழேல்லை. குனிஞ்சு போனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். பரமலிங்கத்தாரின்ரை வாழைத்தோட்டத்திலை முப்பது வருசம் வேலை செய்த மாணிக்கம்தான் கேற்றடியிலை விழுந்து கிடந்து குழறி அழுதார். அவரை ஒருத்தரும் உள்ளுக்குக் கூப்பிடேல்லை.

திரையிலை அவரைக் கண்டதும் சுபாஸ்கரன் சீறினார். "உவன் என்னத்துக்கு? வெட்டும். சத்தத்தை மட்டும் வையும்."

அதை எங்கை போடுறதெண்டும் அவரே சொன்னார். போன் தெரியாமல் சுபாஸ்கரன்ரை முகத்தை மட்டும் பெருப்பிச்சு, மெதுவாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, மாணிக்கத்தின்ரை குழறலை அதிலை ஏத்தினன். வெக்கங்கெட்ட வேலைதான், ஆனால் திறமாய் வந்திட்டுது.

அடுத்த மாதம் கனடாவிலையிருந்து சுபாஸ்கரன் போன் எடுத்தார்.

"இஞ்சை பாத்த சனமெல்லாம் அழுதிட்டுது தம்பி." அவரின்ரை குரலும் தழுதழுத்தது. "நான் இப்பிடிக் குழறினது எனக்கே ஞாபகமில்லை."