சாவி கொடுத்த பிறகு உள்ளே இருந்தவர்கள்

1

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: பெரியவர், அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், வங்கியிலிருந்து வந்த அதிகாரி. ஐந்து பேர். இவர்களைத் தவிர வேறு யாராவது ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று உங்களிடம் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்.

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு சலூன். பெரியவர் கழுத்தில் துணி கட்டி, தலையை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டை பேங்க்ல வந்து பிடுங்கிட்டாங்களாமே!”

அந்தக் கடைக்காரர் பெரியவரின் தம்பி. எழுந்து நின்று பதில் சொல்லப் பெரியவருக்கு நாக்கு துடித்தது. ஆனால் பாதி வெட்டிய தலையோடு எழுந்து நிற்பது குடும்ப கௌரவத்துக்கு அழகல்ல. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தார்.

(பெரியவர் யார் என்று கேட்பீர்கள். எழுதுகிறவன் நான், கதைக்குள் நடமாடுகிறவர் பெரியவர். ஆள் ஒருவர்தான். தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுதிக்கொள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இன்னொருவரைப் பற்றி எழுதத் தடையில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கம்பீரமான அந்த மாளிகையின் முகப்பில் —’

நிறுத்திவிட்டேன். இரண்டு அறை, ஒரு ஹால், இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே வரவேண்டிய சமையலறை. இதை மாளிகை என்றால் தம்பி மனைவியே சிரிப்பாள்.

அடுத்தது: ‘விதியின் கொடுமையால் —’

விதி எதுவும் செய்யவில்லை. வங்கிக் கடனில் கட்டிய வீடு. தம்பியின் கடைக்கு எதிரிலேயே, கண் பரிசோதனை இலவசம் என்று விளக்குப் போட்டு ஒரு பெரிய கடை வந்தது. தவணை நின்றது. ஏலம், தண்டோரா என்று போகும்வரை தம்பி காத்திருக்கவில்லை. தானே வங்கிக்குப் போய், “வீட்டை நீங்களே எடுத்துக்குங்க சார், கணக்கை முடிச்சுக்கலாம்” என்றான். அவர்களும் சரி என்றார்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் பிடுங்கல் எங்கே வந்தது?

மூன்றாவது தொடக்கம் பிரமாதமாக வந்தது. ஆனால் அதில் பெரியவர் மூன்று பக்கம் பேசினார். கிழித்துப் போட்டேன்.

3

பெரியவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தம்பி அந்த வாசலைத் தாண்டும்போது தலை நிமிர்ந்து தாண்டவேண்டும். விரட்டப்பட்டவன் நடை வேறு, கொடுத்துவிட்டுப் போகிறவன் நடை வேறு. தெரு அந்த வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும்.

அதற்காக ஒரு வாரம் முன்பே பெட்டியோடு வந்து இறங்கினார். துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒப்படைக்கிற சரக்கில் ஒரு கீறல் இருந்தாலும் அவமானம் ஒப்படைக்கிறவனுக்கு என்பது அவர் கட்சி. ஆள் வைத்து ஹாலுக்குப் பெயின்ட் அடித்தார். பல்லுப்போன சுவிட்சுகளை மாற்றினார். பல வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்குப் புது வாஷர் போடவைத்தார்.

“இத்தன வருஷம் எங்களுக்குச் சொட்டுச்சு. பேங்குன்னதும் வாயை மூடிக்கிச்சு பாருங்க,” என்றான் தம்பி.

“குடுக்கப்போற வீட்டுக்கு எதுக்குப் பெரியப்பா பெயின்ட்டு?” என்றாள் மகள்.

“நாளைக்கு இங்க வர்றவன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?”

“நம்மளப் பத்தி அவன் ஏன் பெரியப்பா நினைக்கப்போறான்?”

(இந்த மகள் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. வாய் சற்று நீளமாக அமைந்துவிட்டது. எழுதியதை அவளிடமே காட்டினேன். “நான் இதைவிட அதிகமா பேசினேன், பாதியை முழுங்கிட்டீங்க” என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.)

4

அதிகாரியை வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். கறுப்புக் கண்ணாடியும் மாட்டினேன். வந்தவரோ ஒல்லியான பையன், பயங்கர ஜலதோஷம். வாசலிலேயே மூன்று தும்மல் போட்டுவிட்டு, “மன்னிச்சுக்குங்க சார்” என்றார். ஜலதோஷம் பிடித்த வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாமான்களெல்லாம் ஏற்கெனவே வாடகை வீட்டுக்குப் போய்விட்டன. கெட்டிலும் ஐந்து கோப்பைகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. வருகிறவர் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று அவற்றை நிறுத்திவைத்தது பெரியவர். நாற்காலி இல்லாததால் அதிகாரி ஜன்னல் திட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார்,” என்றார். பெரியவரின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

தம்பி சாவியை நீட்டினான். அதிகாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெரியவர் பேச்சைத் தொடங்கினார்: “எங்க குடும்பத்துல வாங்கினதைத் திருப்பிக் குடுக்காத —”

அதிகாரி தும்மினார். பேச்சு அங்கேயே நின்றது.

5

இனி வருவதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். பெரியவரும் வேண்டாம் என்றார். இரண்டு பேரும் ஒருவரே என்பதால் வாக்கெடுப்பு நடத்த வழியில்லை.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், கிளம்பும்போது குடும்பமே கேட் வரை போய் வழியனுப்பும். கடன் கேட்டு வந்தவரானாலும் சரி, சண்டை போட வந்தவரானாலும் சரி. ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். அதிகாரி எழுந்து, “அப்ப...” என்று இழுத்ததும் நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே அதிகாரி நின்றார். வண்டியைக் கிளப்பவில்லை.

“போயிட்டு வாங்க தம்பி,” என்றார் பெரியவர்.

“சார், நீங்க...”

“எங்களப் பத்திக் கவலைப்படாதீங்க. சளிக்கு ஆவி பிடிங்க. பாத்துப் போங்க.”

நால்வரும் உள்ளே வந்தார்கள். பெரியவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தம்பி, சோபா இருந்த இடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தான். “அப்பாடா! நல்ல பையன். ஃபேனைப் போடும்மா.” மகள் ஃபேனைப் போட்டாள். தம்பி மனைவி கோப்பைகளைக் கழுவப் போனாள். ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதியோடு, வங்கியின் வீட்டில், வங்கியின் மின்விசிறிக்கு அடியில் குடும்பம் இளைப்பாறியது.

கதவு தட்டப்பட்டது.

“யாரு?” என்றான் தம்பி.

“நான்தான் சார். பேங்க்.”

பெரியவர் திறந்தார். “என்ன தம்பி, எதையாவது மறந்து வெச்சிட்டீங்களா?”

“இல்ல சார்.” ஒரு தும்மல். “உள்ள வரலாமா?”

“இதென்ன கேள்வி? உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க!”

அதிகாரி வாசற்படியிலேயே நின்று மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரக் கோப்பையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள்:

“மாமா, அவர் எதையும் மறக்கல. நாமதான் கிளம்ப மறந்துட்டோம்.”

பெரியவர் போட்டு வைத்திருந்த திட்டப்படி முதலில் தம்பி, நிமிர்ந்த தலையோடு, பின்னால் மனைவி, மகள், கடைசியில் பெரியவர். நடந்தது வேறு. மகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். தம்பி மனைவி சொட்டச் சொட்ட ஐந்து கோப்பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். தம்பி கேட் வரைதான் வந்தான். அதற்குமேல் கால் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து நின்றான்.

“டேய், தெரு பாக்குது. நிமிர்ந்து நில்லு!” என்றார் பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

“முடியலண்ணா... ‘உங்க வீடு மாதிரி’...” தம்பியால் மேலே பேச முடியவில்லை.

வாசலில் நின்ற அதிகாரி, என்ன செய்வதென்று தெரியாமல், “போயிட்டு வாங்க சார்,” என்றார்.

6

முடிவு ஒன்று: தம்பி நிமிர்ந்து நடக்கிறான், தெருவில் இருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். எழுதியே முடித்துவிட்டேன். மகள் படித்துவிட்டு, “இந்தத் தெருவா?” என்றாள்.

முடிவு இரண்டு: கடை மறுபடி சூடு பிடித்து, அதே வீட்டைத் தம்பி —

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இதற்கிடையில் தம்பியின் மைத்துனர் தொலைபேசியில் வந்தார். “உங்க தம்பி கேட்டைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாராம். ஊரே உச்சுக்கொட்டுது. நீங்க ஏதோ எழுதறீங்களாமே? அதை மட்டும் தொடாதீங்க. பாவம்னு நினைச்சா கடைக்கு நாலு பேர் வருவாங்க. வீட்டைக் குடுத்துட்டுச் சிரிச்சான்னு தெரிஞ்சா மூளை கலங்கிடுச்சும்பாங்க. கௌரவம் பாருங்க.”

கௌரவம் பார்க்கச் சொல்லி என்னிடமே சொல்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். அழுதான் என்று எழுதினால் குடும்பத்துக்கு நல்லதுதான், கதைக்கும் நல்லது. அன்று மாலை புது வீட்டில் தம்பி, அந்தச் சிரிப்பு மிச்சத்தோடு, பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான். எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

எனவே முடிவு எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பம் பிழைத்ததா, கடை நின்றதா, பெரியவர் சலூனை மாற்றினாரா என்பதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளதில் எதை வேண்டுமானாலும் அடித்துத் திருத்துங்கள். ஒன்றில் மட்டும் கைவைக்க விடமாட்டேன்.

தம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்பது தவறு. சிரித்தான்.