பிரைட் ஊரில் தமிழில் பெய்த மழை

1974ஆம் ஆண்டு தை மாதம், அவுஸ்திரேலிய அல்ப்ஸ் மலையடியில் இருக்கும் பிரைட் என்ற சிற்றூரில் பெய்த மழையில் பாதி தமிழில் பெய்தது. மீதிப் பாதி வழக்கம்போலத் தண்ணீராகவே பெய்தது. அங்கே தைதான் கோடை. ஊர்க்காரர்கள் அந்தக் கோடையை நினைவில் வைத்திருப்பது, ஆறு பெருகி, சக்கரம் வைத்த கரவன் வீடுகள் நிற்கும் பூங்காவின் குளியலறை வாசல்வரை வந்ததற்காகத்தான். தமிழைப் பற்றிக் கேட்டால், "ஓ, அதுவும்தான்" என்பார்கள்.

அந்தத் தமிழ் இரண்டு கார்களில் வந்து இறங்கியது. மெல்பேர்ணிலிருந்து வந்த காரில் விக்னராஜா, அவர் மனைவி இரஞ்சிதம், பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு நடுவே இடியப்பப் பெட்டியை மடியில் வைத்தபடி விக்னராஜாவின் தங்கை இராஜேஸ்வரி. சிட்னியிலிருந்து வந்த காரில் ரயில்வே பொறியியலாளர் சிறிதரனும் அவருடைய அக்கா சந்திரகலாவும். வெளியே சொன்னது மலை பார்க்கும் விடுமுறை. உள்ளுக்குள் அது பெண் பார்க்கும் விடுமுறை. இரண்டு நகரங்களுக்கும் இடையில் மலை இருந்தபடியால் யாரும் யார் வீட்டுப் படியையும் முதலில் ஏறவேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால் மலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பலாம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் இரஞ்சிதம். அதில் அவருக்கு நல்ல பெருமை.

இராஜேஸ்வரி மெல்பேர்ணின் டண்டினோங் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தாள். உயரமானவள், விரைந்து நடப்பவள், கரும்பலகையில் நேர்கோடு போட அடிமட்டம் தேவைப்படாதவள். வயது முப்பத்துநாலு. சிட்னிக்குச் சொன்னது முப்பது. "நாலு வயசெல்லாம் ஒரு வயசே, ராஜி?" என்று அண்ணன் சொன்னபோது, நாலு என்பது எவ்வளவு என்று மற்றவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கத் தெரிந்தவளுக்கு அவருக்கு விளக்கத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் முன்பு பேசி வந்த சம்பந்தங்கள் எல்லாம் அடுத்த அறையில் குசுகுசுவென்று பேசப்பட்டு, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லப்படாமலே முறிந்துபோனவை. கலியாணம் என்றால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மூடிய கதவுதான். சிறிதரன் அனுப்பிய படத்தில் அடர்த்தியான சுருட்டைத் தலைமுடி இருந்தது. நேரில் வந்தவர் காரைவிட்டு இறங்கியதிலிருந்து தொப்பியைக் கழற்றவில்லை. மழைக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர்கள் வாடகைக்கு எடுத்த கரவன்களில் சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் மலையிலிருந்து ஒரு முகில் இறங்கி வந்து பள்ளத்தாக்கில் குந்திக்கொண்டது. பால் போன்ற வெண்மை, ஈரக் கம்பளிபோலக் கனம். அதற்குள் பேசிய எந்தச் சொல்லும் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரவில்லை. வாய் அசையும், சொல் வெளியே வரும், முகில் அதை வாங்கிக்கொள்ளும். இரஞ்சிதம் உப்புக் கேட்டால் துவாய்த் துண்டு வந்தது. பூங்காவின் சொந்தக்காரி மிஸிஸ் ஹோகன், சாப்பாட்டுக்குக் கூப்பிட ஒரு மாட்டுமணியைக் கொண்டுவந்து கொடுத்து, சில கோடைகளில் இப்படித்தான் நடக்கும் என்று ஒரு கடதாசியில் எழுதிக் காட்டிவிட்டுப் போனார்.

விடுமுறை என்றால் விடுமுறைதான் என்று விக்னராஜா எல்லோரையும் கார்களில் ஏற்றி பஃபலோ மலைக்கு அழைத்துப் போனார். காட்சிமுனையின் கம்பிவேலியைப் பிடித்தபடி அவர்கள் வரிசையாக நின்று வெள்ளையைப் பார்த்தார்கள். விக்னராஜா அந்த வெள்ளையைப் படம் எடுத்தார். பிறகு வெள்ளைக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார். சிறிதரன் எங்கோ கையைக் காட்டி ஏதோ விளக்கினார். இராஜேஸ்வரிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கைகள் ஒரு பாலத்தைக் கட்டிக் காட்டுகின்றன என்பது விளங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

யாருக்கும் எதுவும் கேட்காது என்று தெரிந்ததும் ஆட்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். அது மனித இயல்பு. கரவனுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் உடுப்புத் தோய்க்கும் கொட்டிலிலும் அவரவர் தமக்குள் வைத்திருந்ததை முகிலுக்குச் சொன்னார்கள். இராஜேஸ்வரியும் ஒரு காலையில் ஆற்றங்கரைக்குப் போய், வகுப்பில் பேசும் உரத்த குரலில், வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, தலை பாரம் குறைந்து திரும்பி வந்தாள்.

அன்று பின்னேரம் முகில் மழையாக உடைந்தது. எல்லோரும் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கொட்டிலில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் துளி கூரையில் விழுந்தபோது அது இரஞ்சிதத்தின் குரலில், "இந்தச் சிட்னி மனிசி போடுற தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது" என்றது. இரஞ்சிதம் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினார். அடுத்து சந்திரகலாவின் குரல் கூரைச் சரிவில் உருண்டது: "பெட்டை நடக்கிறது பொலிஸ்காரன் மாதிரியெல்லோ கிடக்கு." இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிள்ளைகள், "மம், தற்ஸ் யூ! அம்மா, அது நீங்கள்!" என்று கூவினார்கள். சொன்ன வரிசையில் அல்ல, முகிலில் எங்கே கிடந்ததோ அந்த வரிசையில் பேச்சு பெய்தது. பூங்கா முழுவதும் விழுந்தது. கூடாரங்களில், கார்களில், யாரோ ஒரு வெள்ளைக்காரரின் குடையில்.

பிறகு விக்னராஜாவின் குரல் விழுந்தது. "இவளையும் அனுப்பிப்போட்டால் வீட்டிலை ஆரோடை நான் சண்டை பிடிக்கிறது? அவள் இல்லாமல் வீடு வீடாவே இருக்கும்?" தன்னைத் தள்ளிவிடத்தான் அண்ணன் ஓடித் திரிகிறார் என்று நினைத்திருந்த இராஜேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சம்பலைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து விழுந்தது அவளுடைய குரல். ஓடிப்போய்ப் பொத்திக்கொள்ள ஒரு வாய் இல்லை, கூரைதான் இருந்தது. "எனக்கு முப்பது இல்லை, முப்பத்துநாலு. எனக்குக் கலியாணம் வேணும். வெக்கமில்லாமல் சொல்லுறன், வேணும். ஆனால் என்ரை பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ஒருத்தற்றை குசினி அடுப்படியிலை போய் நிக்க என்னாலை ஏலாது." வகுப்புக் குரல் என்றபடியால் அது ஆற்றின் அக்கரையிலும் தெளிவாக விழுந்தது. முறிந்தது, இதுவும் முறிந்தது என்று அவள் கோப்பையைத் தூர வைத்தாள்.

மழை சிறிது தயங்கி, சிறிதரனின் குரலில் தொடர்ந்தது. "அந்தப் படம் கொழும்பிலை எடுத்தது. இப்ப எனக்கு மொட்டை. அதை ஆராவது அவவுக்குச் சொல்லுங்கோவன். சிட்னியை விட்டு வரவும் எனக்குச் சம்மதம், அக்காவுக்குத்தான் எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

சந்திரகலா எழுந்து, விடுவிடென்று நடந்து காருக்குள் ஏறி, கதவை அடித்துச் சாத்தினார். சிறிதரன் கொட்டிலுக்கு வெளியே போய், மழைக்குள் நின்று, தொப்பியைக் கழற்றினார். அவருடைய தலை நன்றாகப் பளபளத்தது. அதன்மேல் அவருடைய குரலே துளித்துளியாக விழுந்தது: "அவ சிரிச்சா. மலையிலை சிரிச்சா."

இராஜேஸ்வரி குடையில்லாமல் அவரிடம் போனாள்.

"மலையிலை என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"வெள்ளைக்குப் பின்னாலை ஒரு பள்ளம் இருக்குதெண்டு. அதுக்கு மேலாலை எப்பிடிப் பாலம் போடலாம் எண்டு."

"போடலாமோ?"

"ஓம். கொஞ்சம் கஷ்டம்."

"முப்பத்துநாலு எண்டது உங்களுக்கு..."

"எனக்கும் நாப்பத்தொண்டு. அக்கா முப்பத்தெட்டு எண்டு சொன்னவ."

அப்போது காரின் கூரையில், மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக, சந்திரகலாவின் இன்னொரு சொல் பெய்தது. "தம்பி போனால் நான் ஆருக்குச் சமைக்கிறது? ஆரைக் காத்துக்கொண்டிருக்கிறது?" காருக்குள் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் அக்காவிடம் தான் ஏன் போகிறேன் என்று யோசிக்க இராஜேஸ்வரிக்கு நேரமிருக்கவில்லை. கதவைத் திறந்து, நனைந்த சேலையோடு பக்கத்துச் சீற்றில் ஏறி அமர்ந்தாள்.

"அக்கா, எனக்குச் சமைக்கத் தெரியாது. இடியப்பம் இரஞ்சிதம் மச்சாள் அவிச்சது. நீங்கள் எங்களோடை வந்து இருந்தால் நாங்கள் தப்புவம்."

சந்திரகலா கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தார். பிறகு, "நான் போடுற தேத்தண்ணி வாயிலை வைக்கேலாதாமே" என்றார்.

"அது மச்சாள் சொன்னது. எனக்குப் பிடிச்சது."

சந்திரகலா அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். இது முகிலுக்குள் சொல்லப்படாத சொல், உண்மையோ என்று சரிபார்க்க வழியில்லை. கடைசியில் தன் சேலைத் தலைப்பால் அவளுடைய தலையைத் துடைத்துவிட்டார். "பொலிஸ்காரன் எண்டு நான் சொன்னது நல்ல அர்த்தத்திலை" என்றார்.

சித்திரையில் மெல்பேர்ணில், விக்னராஜாவின் வீட்டுப் பின்வளவில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை தொப்பி அணியவில்லை. சிறிதரனுக்கு மெல்பேர்ண் ரயில்வேயில் வேலை கிடைத்தது. சந்திரகலா கூடவே வந்தார், வந்த வருடமே இரஞ்சிதத்தோடு இரண்டு தடவை பெரிதாகச் சண்டை பிடித்து, பிறகு அவர் இல்லாமல் கடைக்குப் போகாதவரானார். இராஜேஸ்வரி பள்ளிக்கூடத்தை விடவில்லை. மகள் பிறந்தபோது ஆறு மாதம் விடுப்பில் நின்றாள், அவ்வளவுதான். விக்னராஜா வாரக் கடைசிகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கையோடு சண்டை பிடித்தார். கோடை வந்தால் எல்லோரும் பிரைட்டுக்குப் போனார்கள். பெரும்பாலும் மழை. எழுபதுகள் முடியும்வரை ஒரு மலையையும் முழுதாகப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. முகிலில் பேசுவது இப்போது அவர்களுக்குப் பழகியிருந்தது. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமான நல்ல சொற்களை ஆற்றங்கரையில் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். பின்னேரம் எல்லோரும் கொட்டிலில் அமர்ந்து, தேத்தண்ணீர் குடித்தபடி, யாருக்கு எது விழுகிறது என்று காத்திருப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் புறப்படும்போது, முகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோரும் ஊரைப் பார்த்து, போய்விட்டுத் திரும்பி வருவோம் என்ற பொருளில், "போட்டு வாறம்" என்பார்கள். அவர்கள் போய் வெகுநாட்களுக்குப் பிறகும் அந்தச் சொல் மிஸிஸ் ஹோகனின் கூரையில் விழும். அதன் அர்த்தம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு ஓயும் மழை சற்று நேரத்தில் திரும்பி வரும் என்பதை அவரும் அந்தத் தெருவிலுள்ள மற்றவர்களும் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அதனால் வானம் எவ்வளவு வெளித்திருந்தாலும், அந்தச் சொல் விழுந்த நாளில் பிரைட்டில் யாரும் உடுப்புக் காயப்போடுவதில்லை.