ஸ்பூன் நிற்கிற சாதம்

கொன்யாக் அரிசிப் பொட்டலத்தைக் கத்தரித்ததும் முதலில் வருவது குளத்து வாடை. மீன் கழுவின தண்ணீரை யாரோ நேற்று மூடிவைத்து மறந்துவிட்டமாதிரி இருக்கும். வடிகட்டியில் கொட்டி, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, எண்ணெய் விடாத வாணலியில் ஈரம் சுண்டும்வரை புரட்டினால் வாடை போய்விடும். ருசியும் போய்விடும், அப்படி ஒன்று இருந்திருந்தால். சேனைக்கிழங்குக்குப் பங்காளி முறையாகிற ஏதோ ஒரு கிழங்கை மாவாக்கி, கூழாக்கி, அரிசி அளவுக்கு நறுக்கி, அதற்குச் சாதம் என்று பெயரும் வைத்து விற்கிறான். அவன் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் அதை வழக்கத்தைவிட இரண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவினேன். எப்போதும் நானே தின்று தொலைக்கிற அதை, அம்மாவின் திதிக்கு வைக்கப்போகிறேன் என்பதுதான் காரணம்.

எல்லாம் அக்காவுக்காக ஆரம்பித்தது. என் அக்கா ஹியாங்-சுக்குக்கு, உடம்பே தன் ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதி. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். அத்தானுக்கு வயதும் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. பிள்ளை கிடையாது. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். ரத்தம் பொருந்தியது. ஆனால் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்க ஈரல்ல கொழுப்பு அடைஞ்சிருக்கும்மா. இத எடுத்து வச்சா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. எட்டுக் கிலோ குறைச்சிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். அக்கா படுக்கையிலிருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் வெளியே போனதும், "உன் ஈரலையும் மாவுல தோச்சுப் பொரிச்சு வச்சிருக்கியாடி" என்றாள். நான் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

எனக்கு வேலை, பூச்சோன் நகரத்தில் ஒரு பெரிய மார்ட்டில் உறைந்த கொழுக்கட்டைகளைப் பொரித்துத் துண்டு போட்டு, பல்குச்சி குத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ருசி காட்டுவது. "ஒண்ணு வாயில போட்டுப் பாத்துட்டுப் போங்க" என்று நாள் முழுக்கக் கூவவேண்டும். பன்றிக்கறியும் பூண்டும் எண்ணெயில் வதங்குகிற வாசனை தலைமுடியில் ஏறிக்கொண்டு வீடுவரை வரும். அந்த வாசனையோடு உட்கார்ந்து நான் தின்றது என்ன தெரியுமா? உறிஞ்சிக் குடிக்கிற கொன்யாக் ஜெல்லி. அது தொண்டையில் இறங்குவதே தெரியாது, இறங்கினபிறகும் தெரியாது. டோஃபுவில் செய்த நூடுல்ஸ், ரப்பர் வளையத்தை மெல்லுகிற சுகம். பொட்டலத்தில் வருகிற கோழி நெஞ்சுக்கறி, பூண்டு ருசி, கறிமசாலா ருசி, மிளகாய் ருசி என்று கலர் கலராக இருக்கும், பிரித்தால் எல்லாம் ஒரே சக்கை. சாக்பீஸில் சாக்லேட் தடவினமாதிரி ஒரு புரதக் கட்டி. சும்மா சொல்லக்கூடாது, வறுத்த கடற்பாசிச் சில்லு மட்டும் நன்றாக இருந்தது. அதில் ஒரு பையை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பின்பக்கம் படித்தேன். நாலு பேருக்கானதாம்.

வீட்டில் அரிசி இருந்தால் தின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் அரிசி மூட்டையையும் குக்கரையும் அத்தானைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினேன். அத்தான் கு தே-சிக் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஸ்டாப்பிங் பேரைக்கூட மெஷின்தான் சொல்லுகிறது என்பதால் பேசுகிற பழக்கமே விட்டுப்போனவர். குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "சாதமே இல்லாம எப்படிம்மா" என்று மட்டும் கேட்டார்.

குக்கர் போனபிறகுதான் அது ஆரம்பித்தது. காலையில் கண் விழிக்கும்போது வீடெல்லாம் சாதம் வேகிற வாசனை. பக்கத்து வீடாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினபிறகு இன்னும் கூடுதலாக வந்தது. ஒரு நாள் வாசனையோடு சத்தமும் கேட்டது. டக், டக். சாதக் கரண்டியைப் பாத்திர விளிம்பில் இரண்டு தட்டு தட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அம்மா கிண்ணத்தில் சாதத்தைப் போட்டு, கரண்டியின் முதுகால் அமுக்கி, அதன்மேல் இன்னொரு குவியல் போட்டு, கரண்டியில் ஒட்டின பருக்கைகள் விழும்படி விளிம்பில் இரண்டு தட்டுவாள். "கொஞ்சூண்டுதான்டி வச்சிருக்கேன்" என்பாள். மலைபோல் இருக்கும். அவள் மட்டும் அடிப்பிடித்த சாதத்தில் வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு, நான் அப்பவே சாப்பிட்டாச்சு என்பாள். செத்து ஆறு வருஷமாகிறது.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குக்கர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது. பசியில் காது அடைத்து ஏதேதோ கேட்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் பயந்தேன். மறுபடி மறுபடி கேட்டது. நான் ஜெல்லியை உறிஞ்ச உட்காரும்போதெல்லாம் கேட்டது.

அக்காவிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மஞ்சள் பூத்த கண்ணால் கூரையைப் பார்த்தாள்.

"அம்மா உன்னப் பாக்க வரல, ஹியாங்-மி."

"பின்ன?"

"என்னக் கூட்டிட்டுப் போக வந்திருப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாது பாரு. அதான் உன் வீட்டுல நிக்கிறாங்க."

"வாய மூடுக்கா."

"பசியோட நிக்கிறாங்க பாவம்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

அம்மாவின் திதியை வருஷா வருஷம் அக்கா வீட்டில்தான் வைப்போம். அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அத்தான்தான் மது ஊற்றி வைத்து விழுந்து கும்பிடுவார். இந்த வருஷம் வீட்டுக்காரியே ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அங்கே வைக்கக்கூடாது என்று என் வீட்டுக்கு மாற்றினோம். விட்டுவிடலாம் என்று அத்தான் சொன்னார். நான்தான் முடியாது என்றேன். அம்மா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே தனியாகத் திரும்பிப் போகவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் திதி முடிந்ததும் படைத்ததை எடுத்து நாம் சாப்பிட்டே ஆகவேண்டும். அதுதான் ஆசீர்வாதம். வேண்டாம் என்று தள்ளினால் வந்தவரை அவமானப்படுத்தினது ஆகும். மறுநாள் காலையில் எனக்கு ஈரல் படம். எட்டுக் கிலோவும் குறைந்துவிட்டது, ஒரு பருக்கை உள்ளே போனாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஒரு பேய்ப் பயம் பிடித்திருந்தது. ஒரு கிண்ணம் சாதத்தால் ஒரே ராத்திரியில் ஈரல் கொழுத்துவிடாது, அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாதத்தைப் பார்த்தாலே அக்காவின் முகம் தெரிந்தது. அப்போதுதான் இந்த யோசனை வந்தது. வெண்கலக் கிண்ணத்தில் கொன்யாக்கைக் குவித்துவைத்தால் வெள்ளையாக, மணிமணியாக, அசல் சாதம்போலத்தானே இருக்கிறது. அம்மாவுக்குக் கண் பார்வை கடைசியில் மங்கித்தான் போயிருந்தது.

பஜ்ஜி வகைகளையும் கீரை, பெல்ஃபிளவர் செடியின் வேர் எல்லாவற்றையும் சந்தையில் வாங்கி அடுக்கினேன். ஆப்பிள், பேரிக்காய் தலைகளைச் சீவி வைத்தேன். அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் சாதம், சூப். அம்மா உள்ளே வர வாசல் கதவை ஒரு கையளவு திறந்துவைத்தோம். அத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊதுபத்தி கொளுத்தி, மது ஊற்றி, இருவரும் விழுந்து கும்பிட்டோம். அப்புறம் அத்தான் ஸ்பூனை எடுத்துச் சாதத்தின் நடுவில் நட்டார். செத்தவர்களுக்கு மட்டும்தான் அப்படி நடுவது.

ஸ்பூன் சாய்ந்து விளிம்பில் மோதி விழுந்தது.

அத்தான் மறுபடி நட்டார், ஆழமாக. மெதுவாகச் சாய்ந்து, சுற்றியிருந்த மணிகளையும் தள்ளிக்கொண்டு விழுந்தது. மூன்றாவது தடவை அவர் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் விழும் என்று இருவருக்கும் தெரிந்தது. சாப்பிடமாட்டேன் என்று அம்மா சொல்லுகிறாள் என்றே நினைத்தேன்.

"சாதம் ஒட்டலையே" என்றார் அத்தான். குனிந்து மோந்து பார்த்தார். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் கசிந்து நின்றிருந்தது.

"அது சாதம் இல்ல அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் படம். படைச்சதத் திங்கணுமே. நான் தின்னா அக்கா..."

ஸ்பூனை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, கோட்டோடு கீழே இறங்கிப் போனார். போட்டோவில் அம்மா எப்போதும்போல வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அவளோடு தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. சொந்த அம்மாவிடம். "கோச்சுக்காதம்மா. அக்காவ விட்டுடு" என்றேன். ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது.

அத்தான் தெருமுனைக் கடையிலிருந்து சூடாக்கிச் சாப்பிடுகிற சாதப் பொட்டலங்கள் இரண்டு வாங்கி வந்தார். மைக்ரோவேவ் சுற்றி நின்றதும், மூடியைக் கிழித்தபோது ஆவி முகத்தில் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நிஜமாகவே வேகிற வாசனை. கொன்யாக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, சாதத்தைப் போட்டேன். கரண்டியின் முதுகால் அமுக்கினேன். மேலே இன்னொரு குவியல் போட்டேன். ஒட்டின பருக்கைக்காக விளிம்பில் இரண்டு தட்டினேன். டக், டக். தட்டினபிறகுதான் எனக்கே உறைத்தது. அத்தானிடம் இந்தச் சத்தத்தைப் பற்றி நான் சொன்னதே இல்லை.

இந்த முறை ஸ்பூன் நின்றது.

விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியை மட்டும் விட்டு, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். வந்தவர் ஒன்பது வாய் சாப்பிடுகிற நேரம் யாரும் பார்க்கக்கூடாது. கீழே பார்க்கிங்கில் யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஒரு குழந்தை ஓடியது.

"உங்கக்கா காலையில இருந்து என்ன கேட்டுக்கிட்டு இருக்கா தெரியுமா?" என்றார் அத்தான். அவராகப் பேச்செடுப்பது அபூர்வம். "படைச்ச சாதத்துல ஒரு வாய் எடுத்துட்டு வாங்கன்னு."

"அக்காவுக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க. ஒரு வாய்தானே." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கும் ஒரு வாய் தரணும்னு சொன்னா. நீ சாப்பிடறத அவ பாக்கணுமாம். போன்ல."

"எதுக்கு?"

"பட்டினி கெடக்கற தங்கச்சி உடம்புல இருந்து வாங்கிக்க மாட்டேங்கிறா. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறா, ஹியாங்-மி."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை பொட்டலம் சக்கை தின்றிருப்பேன், யாருக்காக? அவள் படுத்துக்கொண்டு நிபந்தனை போடுகிறாள். கோபத்துக்குக் கீழே அழுகை இருந்தது. அத்தான் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார், உள்ளே இருக்கிறவருக்குக் கேட்கும்படி. கதவைத் திறந்தோம்.

ஸ்பூன் நட்டபடியே நின்றது. மெழுகுவர்த்திச் சுடர் மட்டும் வாசல் பக்கமாகப் படுத்து எழுந்தது. சாதத்தில் ஒரு குறையும் இல்லை. அம்மா எப்போது எங்கள் முன்னால் சாப்பிட்டிருக்கிறாள்?

அத்தான் போனைப் பழத்தட்டில் சாய்த்துவைத்தார். அக்காவின் முகம் வந்தது. இந்த ஒரு வாரத்தில் இன்னும் சுருங்கியிருந்தது, தலையணைதான் பெரிதாகத் தெரிந்தது.

"அம்மா வந்தாங்களா?" என்றாள்.

"வந்தாங்க."

"சாப்பிட்டாங்களா?"

"நான் அப்பவே சாப்பிட்டாச்சுன்னாங்க."

அக்கா சிரித்தாள். சிரிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப நீ சாப்பிடு. கொஞ்சூண்டுதான்."

"நாளைக்குப் படம்க்கா."

"தெரியும். சாப்பிடு. நான் பாக்கணும்."

அத்தான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டினார். நான் ஸ்பூனைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அமுக்கிவைத்த சாதம் ஸ்பூனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஒரு பெரிய கட்டி சாதத்தோடு அது வெளியே வந்தது, ஒரு பருக்கைகூட உதிரவில்லை. அக்கா போனுக்குள் வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள், அவளுக்கு ஊட்டப்போகிறமாதிரி.

நான் வாயைத் திறந்தேன்.

சமையலறையில் டக், டக் என்று கேட்டது. அத்தான் கிண்ணத்தை விடாமல், மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.