டீ நிரப்பிய பாட்டில்

குடிநோய் வார்டின் கம்பிக்கதவைப் பூட்டித் திறக்கிறவர் என்பதால் அவருக்குப் பூட்டு என்றே பெயர். குடியை விட்டுப் பதினோரு வருஷம். நர்சு படிக்கிற பிள்ளைகளுக்கு டாக்டரம்மா எடுக்கும் வகுப்பில், பிராந்தி பாட்டிலில் பால் ஊற்றாத டீயை நிரப்பி மேசையில் வைப்பவர் அவர்தான். "டீன்னு தெரிஞ்சும் வாய் ஊறுது பாருங்க" என்று அதன் முன்னால் நின்று சொல்பவரும் அவர்தான்.

"குடி நின்னாலும் மூளை மறக்காது. இது நோய், திமிரு இல்ல" என்பார் டாக்டரம்மா. பிள்ளைகள் பூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். அந்த அரைமணி நேரம் அவர் தரையில் நடப்பதில்லை.

இந்த முறை டாக்டரம்மா சொன்னார்: "அண்ணே, பாட்டில மட்டும் வச்சிடுங்க. நம்ம வார்டுல இருந்து போன தையல்காரர் வர்றாரு, அவர் பேசட்டும். விட்டு நாலு மாசம்தான். பேசுனா அவருக்குத் தெம்பு."

பூட்டுக்கு வயிறு எரிந்தது. நாலு மாசம்! அதற்குள் மேடை. படித்தவர்களை நம்பினால் இப்படித்தான், புதுசு வந்ததும் பழசு மூலைக்கு.

மத்தியானம் கடைக்குப் போய் அசல் சரக்கே வாங்கிவிட்டார். டீக்குப் பதில் இதை வைத்தால் தையல்காரன் வண்டவாளம் தெரிந்துவிடும். கழுவும் தொட்டியருகே மூடியைத் திருகினார். வாடை ஏறியது. பாட்டில் எப்படி உதடு வரைக்கும் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சட்டென்று மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்தார். கையெல்லாம் சரக்கு. துடைத்துக்கொண்டு, வழக்கம்போல டீயை நிரப்பி வகுப்பில் கொண்டுபோய் வைத்தார்.

தையல்காரர் பாட்டிலைப் பார்த்தார். "இதப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகலங்க." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகம் வேர்த்தது. "ஆனா இந்த அண்ணன் பக்கத்துல வந்ததும் வாய் ஊறுது. அவரு கையில நெஜ வாசன."

பிள்ளைகள் பூட்டின் கையைப் பார்த்தார்கள்.

"குடிச்சீங்களாண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா. கொட்டிட்டேன்."

"எதுக்கு வாங்குனீங்க?"

தையல்காரர் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "முதல்ல உக்காருங்கண்ணே."

அதைத்தான் பூட்டால் தாங்க முடியவில்லை. "இவனுக்குத்தான் வாங்குனேன்" என்றார். "என் எடத்துல இவன் நிக்கிறத என்னால பாக்க முடியல. கடைசியில எனக்கே வாய் ஊறிப்போச்சு."

ஒரு பிள்ளை பேனாவை எடுத்தது. "எழுதாதீங்க, கேளுங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு பூட்டிடம் கை நீட்டினார். "சாவியக் குடுங்கண்ணே. ரெண்டு நாள் கதவுக்கு உள்பக்கம் இருங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கம்பிக்கதவை வெளியிலிருந்து சாத்தியது தையல்காரர்தான். சத்தம் வராமல் மெதுவாகத்தான் சாத்தினார்.

அதுவும் பூட்டுக்குப் பிடிக்கவில்லை.