மனோஷே கடித்துவைத்த ரொட்டி

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. என் கணவர் மனோஷே ரொட்டியை ஒரே ஒரு வாய் கடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். தூரதேசம் போகிறவர் கடித்த மிச்சத்தை, அவர் திரும்பிவந்து தின்னும்வரை சுவரில் மாட்டிவைப்போம். சமர்கந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"எருசலேமுக்குப் போறவனை 'திரும்புறான்'னுதானே யூதங்க நாம சொல்றோம்? அப்போ இது அங்கதானே தொங்கணும்?" என்றார், மென்றுகொண்டே.

"வாய்க்குக் குறைச்சலே இல்ல. முதல்ல அங்க ஒரு வீட்டைப் பார்த்துட்டு எங்களைக் கூப்பிடு," என்றார் அவருடைய அக்கா சூலை.

ரொட்டியை நான்தான் ஆணியில் மாட்டினேன்.

மூன்று வாரம் போனது. பஸ்காவுக்கு முந்தின நாள் சூலை அண்ணி என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயையோ ப்ரேகோ! மூலைமுடுக்கெல்லாம் துடைச்சோம், கண்ணெதிரே தொங்குறது தெரியலையே!"

பண்டிகை எட்டு நாளும் புளித்த மாவில் செய்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. எரிக்க வேண்டும், இல்லையென்றால் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட வேண்டும்.

"அடுப்புல போட்டுடு," என்றார் அண்ணி.

"அவர் திரும்பிவர்ற வழியை எரிக்கச் சொல்றீங்களா?"

ரொட்டியோடு அடுத்த வீட்டு உஸ்பெக்காரி ஹலீமாவிடம் போனேன்.

"எச்சில் ரொட்டியை விக்க வந்தவளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்று சிரித்தாள். "என் மகன் பட்டாளத்துக்குப் போறப்ப கடிச்சது அதோ தொங்குது. ரெண்டும் பேசிக்கிட்டு இருக்கட்டும்."

"பண்டிகை முடிஞ்சதும் எனக்கே திருப்பி வித்துடணும் அக்கா."

"மாட்டேன்னா?"

"உங்க வாசல்லயே உக்காந்துடுவேன்."

பண்டிகையின் ஐந்தாம் நாள் தந்தி வந்தது. எருசலேமில் மனோஷேயின் இதயம் நின்றுவிட்டது. அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

எட்டு நாள் முடிந்ததும் ஹலீமாவே ரொட்டியைக் கொண்டுவந்தாள். என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

"பறவைங்களுக்கு உதிர்த்துப் போட்டுடலாம்டி," என்றார் அண்ணி. "தின்ன வேண்டியவன் இனி திரும்பமாட்டான்."

"அவர் திரும்பிட்டாரு அண்ணி. அவரே சொன்னாரே. ரொட்டிதான் இன்னும் போய்ச் சேரல."

அண்ணி பெட்டியைத் திறந்து, ரொட்டியைச் சுற்ற ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம். வழிநெடுக ரொட்டி என் மடியில்தான் இருந்தது.

இப்போது அது எருசலேமில், என் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு பஸ்காவுக்கும் எதிர்த்தெரு அரபுக்காரர் வீட்டுக்கு விலைக்குப் போய், பண்டிகை முடிந்ததும் வந்துவிடுகிறது. அண்ணியும் காலமாகிவிட்டார். ரொட்டி கல்லாக இறுகிவிட்டது.

மனோஷேவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. அந்த இடத்தில் மட்டும், கடித்த வளைவின் நடுவே, ரொட்டி ஒரு சிறு மேடாக நீட்டிக்கொண்டிருக்கிறது.