மூன்று மூலைக்கும் ஒரு கிணறு

செங்கோண முக்கோணியில், செங்கோணத்துக்கு எதிரே உள்ள செம்பக்கத்தின் நடுப்புள்ளி மூன்று மூலைகளுக்கும் ஒரே தூரத்தில்தான் இருக்கும். அதில் பிழையே இல்லை. பிழை வேறெங்கோ இருக்கிறது.

கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்ற ராஜினி இதை மனதுக்குள் எத்தனையாவது முறையாகச் சொல்லிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. தம்பி கிருசாந்தன் அளவுநாடாவை இழுத்துக்கொண்டு வந்து அதன் முனையை அவள் கையில் திணித்தான்.

“கணக்கு ரீச்சர் வீட்டில இருக்கேக்க நில அளவையாளரை ஏன் தேடுவான்? இதைப் பிடியுங்கோ, பெரியக்கா.”

அப்பா விட்டுப்போன காணி. றோட்டும் ஒழுங்கையும் சந்திக்கும் செங்கோண மூலையில் தம்பியின் வீடு. றோட்டுப் பக்கத்தின் முடிவில் ராஜினி. ஒழுங்கையின் அந்தத்தில் தங்கை தாட்சாயினி. எதிரே, சகோதரிகள் இருவரின் மூலைகளையும் இணைத்துக்கொண்டு, நீளமான செம்பக்கமாக இரணைமடு வாய்க்கால் போனது. போர் முடிந்து மீள்குடியேறி வந்த வருஷம், மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு கிணறுதான் தரலாம் என்றது தொண்டு நிறுவனம். எங்கே வெட்டுவது என்று எல்லோரும் இழுபட்டுக்கொண்டிருக்க, ராஜினி ஒரு தடியால் மண்ணில் முக்கோணி கீறி, வாய்க்கால் பக்கத்தின் நடுவில் குத்திக் காட்டினாள். நிறுவனத்தார் கைதட்டாத குறை.

தாட்சாயினி மட்டும் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தபடி, “அக்கா, என்ர பக்கம் கொஞ்சம் தள்ளி வைக்கேலாதே?” என்று கேட்டாள்.

“மூண்டு பேருக்கும் ஒரே தூரம், தாட்சா. நாளைக்கு ஒருத்தரும் குறை சொல்லேலாது.”

ஷெல் வீச்சில் ஒரு கால் போனவளுக்குத் தண்ணீர் தூக்க ஒரு கைதான் மிஞ்சியிருந்தது. வாளியை அரைவாசிதான் நிரப்புவாள். அதிலும் பாதி வழியெல்லாம் சிந்தும். மற்றவர்கள் ஒருமுறை போய்வரும் தூரத்தை அவள் திரும்பத் திரும்ப நடந்தாள். குசினி யன்னலால், சமைத்தபடியே, ராஜினி பார்த்திருக்கிறாள். ஒருநாள் மனம் பொறுக்காமல் ஓடிப்போய் வாளியை வாங்கப் பார்த்தபோது, “ஒரே தூரம்தானே அக்கா,” என்று தாட்சாயினி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா இல்லையா என்று ராஜினிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு மாரியில் அவள் சேற்றில் வழுக்கி விழுந்தாள். யாரையும் கூப்பிடாமல் தானே எழும்பினாள். தை பிறந்ததும் வவுனியாவில் தையல் வேலை என்று போனவள், அங்கேயே ஒரு வாடகை அறையில் தங்கிவிட்டாள்.

“என்ர மூலையில இருந்து கிணத்துக்கு ஒரு கோடு. காணி சரிபாதி, உங்களுக்கு ஒண்டு எனக்கு ஒண்டு. சரியே?” என்றான் கிருசாந்தன், நாடாவை விரித்தபடி.

சரிதான். இரண்டு துண்டும் வேறு வேறு வடிவம், ஆனால் ஒரே பரப்பளவு.

“அப்ப தாட்சாவின்ர மூலை?”

“அது என்ர பாதிக்குள்ள வருது. சின்னக்கா இனி எங்க வரப்போறா? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா ஓம் எண்டுவா. அண்டைக்கும் நீங்கள் சொன்னதைத்தானே கேட்டவா.”

ராஜினி கீழே பார்த்தாள். கிணற்றடிச் சீமெந்து காயுமுன் தாட்சாயினி கோலை ஊன்றிய இடத்தில் சின்னதாய் ஒரு வட்டக் குழி. காலையில் சிந்திய தண்ணீர் அதில் இன்னும் வற்றாமல் நின்றது. குனிந்து, நாடாவின் முனையை அதன் பக்கத்தில் மெல்ல வைத்தாள்.

“நான் பிடிக்கமாட்டன், தம்பி.”

“ஏன், கணக்குப் பிழையே?”

“கணக்குச் சரி,” என்றாள். முனையை அவள் திரும்ப எடுக்கவில்லை.