மிஷின் சத்தத்தில் தூங்கும் பிள்ளை

என் மகன் நித்தீஷுக்குச் சளி பிடித்ததற்கு நான் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததுதான் காரணம் என்று என் நங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டார். நங்கை என்றால் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் விஜயராணி. பால் கொடுக்கிறவள் தலைக்கு ஊற்றினால் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுமாம். நான் மோர் வேறு குடித்தேனாம், வாழைப்பழம் தின்றேனாம். வீட்டில் பத்து மிஷின் ஓடி, ஃபேன் போடும்போதெல்லாம் பஞ்சு பறக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சோறு போடுகிற பஞ்சு அல்லவா, அதன்மேல் குற்றம் சொல்லலாமா!

எங்களுடையது பவர்டேபிள். பெரிய பனியன் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துக் கொடுக்கிறோம். வீட்டின் முன்பக்கத்து ஹாலில்தான் மிஷின்கள். அந்த ஹாலின் நடுவில், டியூப்லைட் மாட்டிய இரும்புப் பைப்பில், என் மகனின் சேலைத் தொட்டிலும் தொங்குகிறது. இந்தத் தொழிலில் பிள்ளை பெற்ற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். தைத்துக்கொண்டே காலால் ஒரு தள்ளு தள்ளிவிடலாம். என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரனுக்கு அதில் பெருமை வேறு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கூட்டுப் பையன் மிஷின் சத்தத்துலதானுங்க தூங்குவான், சத்தம் நின்னா முழிச்சுக்குவானுங்க" என்பார்.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவன் சரியாகப் பால் குடிக்கவில்லை. ஐந்து மாதப் பிள்ளை. வாயை வைத்து இரண்டு இழு இழுப்பான், மூக்கு அடைத்திருப்பதால் மூச்சு முட்டும், விட்டுவிட்டு அலறுவான். பசியும் இருக்கிறது, குடிக்கவும் முடியவில்லை.

காலையில் டாக்டரிடம் காட்டினோம். "வெறும் சளிதான், நெஞ்சு சுத்தமா இருக்கு. பால் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த உப்புத்தண்ணிச் சொட்டை மூக்குல விடுங்க. நிமிர்த்தித் தோள்ல வெச்சுக்குங்க. தூசிப் பக்கம் மட்டும் விடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சிரித்தார். "திருப்பூர்ல தூசியில்லாத எடம் எங்க இருக்குது? கோயில் கோபுரத்து மேலயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நங்கை எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"கொண்டா கண்ணு அவனை. காங்கேயத்துச் செக்கெண்ணெய், காய்ச்சி ஆறவெச்சிருக்கறேன். மூக்குல ரெண்டு சொட்டு உட்டா எல்லாம் கரைஞ்சு வந்துரும்."

"வேண்டாமுங்க நங்கை. எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிருமுங்க."

"மகுடேசனுக்கு நாந்தான் உட்டேன். அவன் செத்தா போயிட்டான்?"

"ஊத்தியே ஆகோணும்னா என்ற தலையில ஊத்துங்க. பையன் மூக்குப் பக்கம் வந்தீங்கன்னா கிண்ணம் ரோட்டுல கெடக்கும், பாத்துக்குங்க."

இந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் பேசிவிட்டேன். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது.

இவர் இடையில் புகுந்தார். "சண்டையெல்லாம் பொறவு வெச்சுக்கலாம் இந்து. பொழுதோட சரக்கெடுக்க லாரி வந்துரும், ஃபிளாட்லாக் மிஷின்ல உக்கார ஆளில்லை. பையனைத் தொட்டில்ல போடு. மிஷின் ஓடுனா தானாத் தூங்கிருவான்."

"இன்னைக்கு நான் உக்காரமாட்டனுங்க. இவனைத் தூக்கிட்டு மாடிக்குப் போறேன்."

"சித்தெ நேரந்தான்" என்று நங்கை என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினார். பிடுங்கினார் என்றே சொல்ல வேண்டும். தொட்டிலில் போட்டார், இவர் டைலர்களுக்குக் கையைக் காட்டினார், மிஷின்கள் ஒன்றாகக் கிளம்பின. குளிர்நாட்டு உடுப்புக்கான துணி அது, உள்பக்கம் பொசுபொசுவென்று சீவிவிட்டிருக்கும். தையல் ஓட ஓட அதன் பஞ்சு கிளம்பி ஹால் முழுக்கச் சுற்றியது. கொஞ்ச நேரம் அழுகை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

"பாத்தயா, தூங்கிட்டான்!" என்று நங்கை என் காதருகே வந்து கத்தினார்.

நான் தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தேன். எங்கே தூங்கினான்? வாய் அகலத் திறந்திருந்தது, முகம் சிவந்து கிடந்தது, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அவன் அழுதுகொண்டுதான் இருந்தான். தொண்டை கட்டிப்போய், மிஷின் சத்தத்தில் அந்த அழுகை வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு முன் எத்தனை முறை இப்படி அழுதானோ, தூங்குகிறான் என்று நாங்கள் ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தோமோ!

நேரே கதவோரம் போய் மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

எல்லா மிஷினும் நின்றன. "கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டார் ஒரு டைலர்.

"போகலீங்க. நாந்தான் நிறுத்தினேன்."

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று மகுடேஸ்வரன் பாய்ந்து வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

ஹாலில் கொர், கொர் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே கீச்சென்று ஒரு மெல்லிய அழுகை. டைலர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்ன சத்தம்?" என்றார் இவர்.

"உங்க பையன் மூச்சு உடற சத்தமுங்க. நல்லாக் கேளுங்க."

நான் பிள்ளையை எடுத்து நிமிர்த்தி மடியில் வைத்து, மூக்கில் சொட்டு விட்டேன். திமிறினான், தும்மினான், கட்டிச் சளி வந்து விழுந்தது. துடைத்தேன். "ஒண்ணுமில்ல சாமி, அம்மா இருக்கறனல்ல" என்று தோளில் போட்டு முதுகை நீவி நீவி நடந்தேன். விசும்பல் அடங்கியதும், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தான். விட்டுவிடுவானோ என்று பயந்தேன். விடவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

நங்கை சுவிட்ச் பக்கம் போவது தெரிந்தது. "லாரி வந்துருமே மகுடேசு..."

"கையை எடு அக்கா" என்றார் இவர்.

கொஞ்ச நேரம் கழித்து என் பின்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். குரலை இவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இந்து, அவன் குடிச்சு முடிச்சதும் மெயினைப் போடலாமா?"

"தொட்டிலை அவுத்துட்டுப் போடுங்க" என்றேன்.

அத்தனை டைலர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பைப்பில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.